ஆறு மாத்திரை குறைகிறது

ஜூலை 4

கிளினிக்கில் ஆலோசகர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். மனதில் உள்ளதையெல்லாம் கொட்ட வேண்டுமாம். இது என்ன குப்பைத் தொட்டியா?

இன்றும் அதே படிவம். "கஷ்டம் வந்தால் நம்பிப் பேச உனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?" வழக்கம்போல ஐந்து என்று எழுதினேன். குறைத்து எழுதினால் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வைப்பார்.

எங்கே இருக்கிறார்கள் அந்த ஐந்து பேர்? அப்பா எச்ஐவியில் போனார். அம்மாவுக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை, மூன்று முறை சோதித்தாகிவிட்டது. ஆனாலும் மாமா வீட்டில் நான் தண்ணீர் குடித்த தம்ளர் குப்பைக்குப் போனது. நல்ல சொந்தம்!

ஜூலை 6

ஒட்டடைக்குச்சி (அவள் ஒல்லிக்கு நான் வைத்த பெயர்) என்னோடு படிக்க வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் என்னோடு பேசுகிற ஒரே ஜீவன். அவளுக்கும் எதுவும் தெரியாது. அம்மாவின் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். என் யோசனைதான். தெரிந்தால் இவளும் ஓடிவிடுவாள்.

ஆகஸ்ட் 1

கிளினிக்கில் மீதி மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார் நர்ஸம்மா. எட்டு இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

"ஆறு கொறையுது. போறவங்க வர்றவங்களுக்குக் குடுக்க இது என்ன மிட்டாயா?"

வழியெல்லாம் அம்மாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியலடி." அவ்வளவுதான்.

தினமும் ஒன்று, என் கண்முன்னால்தான் போடுகிறாள். அப்படியானால் ஆறு எங்கே? ஒளித்துச் சேர்க்கிறாளா? ஒருநாள் மொத்தமாக விழுங்கவா?

ஆகஸ்ட் 2

பீரோ, தலையணை உறை, கைப்பை எல்லாம் துழாவினேன். ஒன்றுமில்லை. சாயங்காலம் கத்திவிட்டேன். "சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவு. நானும் ரெடியா இருப்பேன்ல?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே மறுபடியும் மடித்தாள்.

ஆகஸ்ட் 3

டப்பா இனி என் புத்தகப்பையில். தினம் ஒன்று, என் கையால்.

ஆகஸ்ட் 4

இடைவேளையில் பேனா எடுக்க என் பையைத் திறந்தாள் ஒட்டடைக்குச்சி. "அட, இங்கயே கொண்டுவந்துட்டியா? உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் இதுல ஒண்ணு போட்டுக்குவேன். முடி கொட்டறது இப்பதான் நிக்குது. திட்டாதே."

ஒன்றை வாய்வரை கொண்டுபோய்விட்டாள். கையைத் தட்டிவிட்டேன். "ஒரு வைட்டமினுக்கா இப்படி அடிக்கிறே?" வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இந்தக் கூந்தலழகிக்காகவா அம்மாவை அப்படிப் பேசினேன்? பாவி! அவளா, நானா? டப்பாவை மாற்றியது யார்?

ஆகஸ்ட் 5

நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டர் அவளைப் பார்க்க வேண்டும், என்ன மாத்திரை என்று அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார்.

"சொல்லிடு. இன்னொரு வீட்டுப் புள்ளையோட உடம்பு" என்றாள் அம்மா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 6

பள்ளி வாசலில் சொல்லிவிட்டேன். சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள். போகட்டும். எல்லாரும் மாமா மாதிரிதான்.

ஆகஸ்ட் 9

தனியாகவே போய் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். பாதிப்பு எதுவும் இல்லையாம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் கத்தினாள்.

"ஊரெல்லாம் தண்டோரா போடுவேன்னு நெனச்சியா? என்னை நம்பலல்ல நீ?"

நானும் விடவில்லை. "கேக்காம எடுத்துத் தின்னது நீ!"

முக்கால் மணி நேரம். நடுவில் அம்மா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒட்டடைக்குச்சி அதை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தினாள்.

செப்டம்பர் 2

மாத்திரைக் கணக்கு சரியாக இருந்தது. படிவத்தில் ஒன்று என்று எழுதினேன்.

ஆலோசகரின் முகம் வாடிவிட்டது. "எப்பவும் அஞ்சு பேர் எழுதுவியேம்மா. என்னாச்சு?" கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வைத்தார்.

அந்த ஒன்று, ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.