வீட்டு வண்டியில் ஒரே விளக்கு

1947 மார்ச், வெள்ளி இரவு

மாதாவே, நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று உனக்குத் தெரியும். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டியில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று தம்பி மகன் அருள் புலம்பினான். அவர்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் முன் உள்ளே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற பல்புகளை நானே கழற்றினேன்.

"இருட்டுல புள்ளைக்கு எப்படி பால் குடுக்கறது அத்தை?" என்றாள் அவன் மனைவி ஸ்டெல்லா.

"தபசு காலத்துல ஒரு விளக்கு போதும்டி. வாய் எங்க இருக்குன்னு புள்ளைக்கே தெரியும்."

அருள் சிரித்தான். இருட்டியபின் புறப்பட்டார்கள். ஸ்டெல்லாவும் குழந்தையும் பின்வண்டியில் படுத்துக்கொண்டார்கள். தெருமுனை வருமுன்பே அது என் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அவர்கள் போகிற ஓசூர் ரோட்டில் விடியவிடிய லாரிகள் ஓடும். ஜெபமாலை சொல்லியும் தூக்கம் வரவில்லை.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வண்டியின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் வெளிச்சம் எதற்கென்று அதையும் கழற்றிவிட்டேன்.