எட்டாம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்துக்கு, நாங்கள் கொக்கு என்று கூப்பிட்ட பழைய ஆட்டக்காரனின் பெயரை வைக்கப்போகிறார்கள். முதல்வர் என்னை நூலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்.

"இருபத்தெட்டு வருஷம் முன்னாடி அவர் ஆடின மூணு வருஷமும் ஸ்கோர் எழுதினது நீங்கதானாமே. விழா மலருக்கு எழுதிக் குடுங்க. உணர்ச்சியா இருக்கணும். ரெண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது."

உணர்ச்சிக்கு இடப்பற்றாக்குறை இருப்பது நல்லதுதான்.

மார்ச் 6

முதல் பக்கம் தானாக வந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது கொக்கின் உயரம் ஆறடி நாலங்குலம், பருமன் மடக்கிய குடையளவு. முதல் ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி. எதிரணிக்காரன் ஒருவனுக்கு இரண்டு பல் போயிற்று. புள்ளிகளை நான் குறித்துக்கொண்டேன். பற்களை அவனே பொறுக்கிக்கொண்டான்.

கொக்கு எம்பும்போது முதலில் முழங்கால் எழும், பிறகு முழங்கை, கடைசியில்தான் பந்து. நடுக்கோட்டருகே நின்று போடுவான். பந்து வளையத்தில் படாது, வலை மட்டும் சுண்டும். அந்தச் சத்தத்துக்காக நான் இரண்டு பரீட்சைகளைக் கோட்டை விட்டிருக்கிறேன். இரண்டாமாண்டில் ஒருவனுக்கு விலா, இன்னொருவனுக்குத் தோள்பட்டை. கூட்டம் "ஒடை! ஒடை!" என்று கத்தும். ஸ்கோர் மேசையில் இருப்பவன் கத்தக் கூடாது என்பது விதி. வாய்க்குள் கத்தினேன்.

இதையெல்லாம் 'ஆக்ரோஷமான ஆட்டம்' என்று எழுதியிருக்கிறேன். தமிழ் வளமான மொழி.

மார்ச் 9

கட்டுரை இறுதி ஆட்டத்தில் வந்து நிற்கிறது. மூன்று நாளாக ஒரு வரி நகரவில்லை.

மார்ச் 10

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

விசில் ஊதியதும் நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, ஃபவுல் செய்தவனின் எண்ணை விரல்களால் காட்டுவார். நான் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். ஐந்தாவது கோடு விழுந்தால் ஆள் வெளியே. அதைச் சொல்ல வேண்டியது நான்தான். நடுவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

கொக்கின் எண் எட்டு. ஏழு நிமிடம் மிச்சம், அவனுக்கு நாலு கோடு. அவனை மறித்து ஆடியவனுக்கு ஆணி என்று பெயர் வைத்திருந்தோம். அறைந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். கொக்கு அவன் விலாவில் முழங்கையை இறக்கினான். விசில். நடுவர் ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று காட்டினார்.

நான் ஏழாம் எண்ணுக்குக் கோடு போட்டேன்.

கை தவறி இல்லை. பக்கத்திலிருந்த நேரக்காப்பாளர் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எங்கள் அணியின் ஏழாம் எண்காரன் சாது, அவனுக்கு ஒரு கோடு கூடினால் என்ன? கொக்கு வெளியே போனால் தோற்போம். அவ்வளவுதான் யோசித்தேன். யோசித்தேனா?

நாலு நிமிடம் கழித்துக் கொக்கு எம்பினான். இறங்கும்போது முழங்கை ஆணியின் இடது கண்ணில். ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி சத்தம். ஆணி கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை — ஏந்திக்கொண்டான். விரலிடுக்கில் கசிந்த ரத்தம் முழங்கை வரை ஓடித் தரையில் சொட்டியது. நடுவர் மறுபடி எட்டு காட்டினார். இம்முறை ஒழுங்காக எழுதினேன். ஐந்து கோடு. கொக்கு கூட்டத்துக்குக் கையசைத்தபடி வெளியே போனான். ஜெயித்தோம். தாளில் எல்லாம் முறைப்படி இருந்தது.

கண் போய்விட்டது.

மார்ச் 11

கட்டுரையில் அதைச் சேர்த்துவிட்டேன். பதினோரு வரி.

மார்ச் 13

கட்டுரையைப் பார்க்கக் கொக்கு நூலகத்துக்கே வந்துவிட்டான். இப்போது கார் விற்கிறான். குடை பந்தலாகியிருக்கிறது. புதிய பத்தியில் அவன் விரல் நின்றது. என் பழைய பட்டப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"ஏண்டா பென்சில், என்னடா இது? கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கிறே?"

"நடந்ததுதானே."

"நடந்தது எனக்குத் தெரியாதாடா? அந்தாளு எட்டு காட்டினதையும் பாத்தேன், உன் கை ஏழுக்குப் போனதையும் பாத்தேன். மேசையே நம்ம பக்கம், இனிமே என்ன பயம்னுதான் அப்புறம் வெளுத்து வாங்கினேன்."

சிரித்தான். அப்படியானால் அந்த முழங்கை — பாதி என்னுடையதா?

"நீ பாத்ததையும் சேத்து எழுதுறேன்" என்றேன்.

சட்டையைப் பிடித்து என் முகத்தை இரும்பு அலமாரியில் மோதினான். பிறகு கையால் இரண்டு. மூக்கில் ஏதோ முறிந்தது. தொண்டை வழியாக ரத்தம் இறங்கியது. பத்து வருடமாக யாரும் எடுக்காத கலைக்களஞ்சியம் ஒன்று என் மடியில் விழுந்தது.

மார்ச் 14

படிக்கட்டில் விழுந்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, படிக்கட்டு மோதிரம் போட்டிருந்துச்சா?"

மார்ச் 17

ஆணியைத் தேடிப் போனேன். தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. இருக்கும் ஒரு கண்ணை ஊசிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும், விரல் விரலாக.

அவர் ஊசியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ எதுக்குடா அவ்ளோ ஒட்டி நின்னேன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் திட்டுனாங்க சார். நானும் ஆமாம்மா, என் தப்புதான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"மன்னிச்சிடுங்க."

"கெளம்பிடுங்க சார். கையில சாமான் இருக்கு."

ஸ்க்ரூடிரைவர். பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கிளம்பிவிட்டேன்.

மார்ச் 20

முதல்வர் அந்தப் பதினோரு வரியை எடுத்துவிட்டார். "ரெண்டு பக்கம் தாண்டிடுச்சு சார்."

மார்ச் 23, ஞாயிறு

விழா. ஆணி வந்திருந்தார், சலவைச் சட்டையில். யாரும் அழைக்கவில்லை. யாருக்கும் அடையாளமும் தெரியவில்லை. கொக்கு பெயர்ப்பலகையின் திரையை இழுக்கக் கயிற்றைப் பிடித்ததும் அவர் மேடையேறினார். கையில் ஸ்பேனர். முதல் அடி தாடையில், இரண்டாவது காதில். கொக்கு மல்லாந்து விழுந்த பிறகு மூன்றாவது, வலது முழங்கையில். எலும்பு நொறுங்கியது கடைசி வரிசை வரை கேட்டது. அத்தனை உயரமான மனிதன் அவ்வளவு மெல்லிய குரலில் அலறி நான் கேட்டதில்லை. ஆணி மேடை விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

போலீஸ் வந்து கேட்டபோது, அடி விழுந்த நேரம் எல்லோரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், முதல்வர் உட்பட. "அப்ப பாத்தது யாருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆணி என்னைக் காட்டினார். "அவரக் கேளுங்க. எழுதறதுதான் அவரு வேலை."

மார்ச் 24

காவல் நிலையத்தில் இறுதி ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், பழைய ஃபவுல் எல்லாம் இதுல வராது. நேத்து யாரு அடிச்சா, எத்தனை அடி? அத மட்டும் சொல்லுங்க."

மூன்று என்றேன். ஆளைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எழுதியதை வாசித்துக் காட்டினார். ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.