சந்தனம் குடித்த சார்ஜர்

அளவெட்டி,
புரட்டாதிக் கடைசி

அன்புள்ள மகன் கஜீபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கும்பிளாவளைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த ஒஸ்லோக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முன்பள்ளி டிப்ளோமா வாய்மொழிப் பரீட்சையில் மூன்றாவது தடவையாக, ஐம்பத்திரண்டு வயதில், உன் அம்மா பாஸ் என்று போனிலேயே கத்தினேன். ஆனால் முழுக்கதையைச் சொல்லவில்லை. போனில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், இது அவர் காதுக்குப் போகக்கூடாத கதை. இந்த முறையும் கோட்டை விட்டிருந்தால் தை மாதத்தோடு என் வகுப்பை முன்வீட்டுக் கீர்த்திகாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் இருந்து உன் அப்பாவுக்குத்தான் அ, ஆ படிப்பித்திருப்பேன்.

போனமுறை அப்பா தேத்தண்ணீரோடு வந்து வயரில் கால் தடக்கி, லப்டொப்பும் பரீட்சையும் ஒன்றாக நிலத்தில் விழுந்ததால்தானே நீ இந்தக் காந்தச் சார்ஜர் வைத்த புது லப்டொப்பை அனுப்பினாய். சார்ஜரைக் கிட்டக் கொண்டுபோனால் தானாக ஓடிப்போய் ஒட்டுகிறது, இழுத்தால் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுகிறது. கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்த ஒன்றை நான் இந்த வீட்டில் கண்டதில்லை. சரஸ்வதி பூசைக்கு லப்டொப்பையும் புத்தகங்களோடு வைத்து மூடிக்குப் பொட்டு வைத்தேன். அப்பா, "இஞ்சருமப்பா, மிசினுக்குப் பொட்டு வைச்சா அது உம்மைப் பாசாக்குமே?" என்று நக்கலடித்தார். அந்தக் கோபத்தில், கரண்ட் போகிற வாய்தானே முக்கியம் என்று சார்ஜரின் காந்த முனையிலும் தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு அப்பினேன்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் ஒன்பதரைக்குப் பரீட்சை. காலையில் சார்ஜரை வைத்தால் டக்கென்று ஒட்டுகிறது, வெளிச்சம் மட்டும் வரவில்லை. பற்றரி பதினொரு வீதம். அப்பா சுவர்ப் பிளக்கை உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினார். சுன்னாகத்தில் லப்டொப் திருத்துகிற றஜிந்தனுக்குப் போன் எடுத்தால், "உள்ளுக்கை மதர்போட் போயிருக்கும் அன்ரி, கொழும்புக்குத்தான் அனுப்போணும்" என்றான். கீர்த்திகா படலையில் நின்று, "ஐயோ அக்கா, இந்தமுறையும் இப்பிடியே?" என்று இரங்கினாள், இரக்கத்துக்குள் பல் தெரிந்தது. உவளின்ரை கண்ணூறுதான் என்று அப்பாவைத் தேசிக்காய் வாங்க அனுப்பிவிட்டு, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றக் குனிந்தபோதுதான் கண்டேன். முனையிலுள்ள குட்டிப் பித்தளைக் கால்களெல்லாம் காய்ந்த சந்தனத்துக்குள் புதைந்து கிடக்கின்றன, மேலே என் கைரேகை! பிளக்கைக் கழற்றி, பழைய பல்லுப் பிறஷில் ஓடிக்கொலோன் தொட்டுத் தேய்த்துக் காயவிட்டு மறுபடி வைத்தேன். செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. தேசிக்காயோடு வந்த அப்பா அதைக் கண்டு, "பாத்தீரே, நான் தட்டின தட்டு!" என்றார். "ஓமப்பா, நீங்கள் கெட்டிக்காரன்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது இதுவே முதல்தடவை.

அந்தப் பெருமையிலேயே, பரீட்சை நடக்கும்போது தேத்தண்ணீரோடு வந்தார். அதே வயர், அதே கால்! வயர் தன்பாட்டில் கழன்று போனது, லப்டொப் ஒரு நூல்கூட அசையவில்லை, அப்பாதான் நிலத்தில். சரியாக அந்த நேரம் கொழும்பிலிருந்து திரையில் பரீட்சை எடுக்கிற அம்மா, விளையாடும் பிள்ளை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். நான் திரும்பியும் பார்க்காமல், ஓடிப்போய்த் தூக்கமாட்டேன், தானாக எழும்புகிறதா என்று முதலில் பார்ப்பேன் என்றேன். அப்பா தானாகவே எழும்பினார். எண்பத்தொரு புள்ளி!

இப்போது ஊரெல்லாம் அந்தத் தட்டுத்தான் கதை. நேற்றுக் கீர்த்திகா தன் மின்விசிறியைத் தட்ட அவரைக் கூட்டிப்போனாள், அதுவும் சுற்றித் தொலைத்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை போடு. பிள்ளையார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வாசித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு. இன்னொரு சார்ஜர் அனுப்ப மறக்காதே, அப்பா இதையும் தினமும் காலையில் தட்டத் தொடங்கிவிட்டார், நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்படிக்கு உன் அம்மா,
மீனாம்பிகை, டிப்ளோமா