முளை விட்ட மூட்டைகள்

காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரே பேரூராட்சிச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் டீ இறங்கவில்லை. நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாப்ள. இந்த வாடை வந்தால் எனக்கு உன் மேல்தான் கோபம் வருகிறது, பாதியில் விட்டுவிட்டுப் போனாயே என்று.

அந்தச் சுவரில் கட்சிக்காரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து நாம் இருவரும் எத்தனை முறை எழுதியிருப்போம். யாரும் அனுமதி கேட்டதில்லை. ஓரத்தில் கட்சிப் பெயரைப் போட்டுவிட்டால் அடுத்த தேர்தல் வரை சுவர் அவர்களுடையது. அறுவடையில் மழை பிடித்துக்கொண்ட வருஷம், கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டைகள் அடுக்கியபடியே நனைந்து முளைத்தன. நீ அதை அங்கே வரைந்தாய். முழுதாக மூடாத தார்ப்பாய், சாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று முளை. நன்னிலம் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். "எங்க மூட்டை மாதிரியே இருக்குங்க" என்று ஓர் அம்மா சுவரைத் தடவியதும் நீ பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாய்.

மறுநாள் பேரூராட்சி ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனுஷன்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அனுமதி இல்லாம வரைஞ்சது தப்பு. இருந்தாலும் மூட்டை இருக்கட்டும். முளையை மட்டும் அழிச்சிடுங்க தம்பி."

"முளையை எடுத்துட்டா அது நல்ல நெல்லு சார். நல்ல நெல்லை நான் எங்க பார்த்தேன்?" என்றாய்.

சாயங்காலமே மொத்தத்தையும் வெள்ளையடித்தார்கள். அந்தப் படத்தை மறுபடி வரைய விடச் சொல்லி மனு எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தாய். "நம்ம ஊரு சுவத்துல நம்ம நட்டத்தைச் சொல்ல எவன் உத்தரவு வேணும், மாப்ள?" என்பாய். பதில் வருவதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

இன்று டீக்கடைக்கே ஆபீஸ் ஆள் வந்தார். ஊரை அழகுபடுத்துகிறார்களாம். 'நம்ம ஊர் கலைஞர்' என்று உன் முகத்தை அந்தச் சுவரில் நான் வரைய வேண்டுமாம். உன் கோணல் மீசையை என்னைவிட யார் சரியாகப் போடுவார்கள்?

"பக்கத்துல அவன் போட்ட மூட்டையையும் போடுறேன்" என்றேன்.

"அது மட்டும் வேணாங்க."

"அப்ப அவனும் வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஊர் முழுக்க உன்னைப் பார்த்திருக்கும். ஆனால் உன் முகத்தை வரைந்து உன் வாயை அடைக்க என்னால் ஆகாது.

உன் மனு இன்னும் திருவாரூரில்தான் கிடக்கிறதாம். திங்கட்கிழமை நான் போகிறேன். எனக்கு அதிகாரிகளிடம் பேச வராது, தெரியும். நீ கேட்டதையே கேட்கிறேன்.