மிக்சி மேல் போட்ட பழி

இந்த வீட்டு முதலாளியோடு, அதாவது தாலி கட்டினவரோடு, ஜெயபாரதிக்கு ரெண்டு நாளாகப் பேச்சு இல்லை. அதனால் இந்தச் சீட்டு யாருக்கும் எழுதியதல்ல, கம்ப்யூட்டர் மேல் சும்மா கிடக்கிறது.

மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து பனியன் டிசைன் ஃபைலைக் கீழே அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. முதலாளி என்ன சொன்னார்? “மிக்சி ஓடறதுனாலதான் நிக்குது. ஃபைல் வந்து சேர்ற வரைக்கும் சட்னி கிட்னி ஒண்ணும் வேண்டாம்.” ரெண்டு நாளும் பொடி இட்லிதான்.

இன்று அவர் காதர்பேட்டைக்குக் கிளம்பியதும் ஜெயபாரதியே ஃபைலை அனுப்பிவிட்டு மிக்சியைப் போட்டாள். தேங்காயும் அரைந்தது, ஃபைலும் ஓடியது. கீழ்க் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் அவருடைய உருளும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து மேசைப் பக்கம் நகர்ந்தாள். நின்றது! எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். ஓடியது! குனிந்து பார்த்தால், சக்கரம் நிற்கிற இடத்தில் நெட்வொர்க் ஒயர் நசுங்கிக் கிடக்கிறது. ஃபைல் வருகிறதா என்று அவர் உட்கார்ந்து காவல் காத்ததுதான் ஃபைலுக்கு வந்த வினை.

மூன்று சட்னி அரைபடுவதற்குள் முழு ஃபைலும் வந்துவிட்டது. ஒயர் மாற்றும்வரை முதலாளி நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். நாற்காலி இப்போது சமையலறையில் மிக்சிக்குக் காவல் இருக்கிறது.

இட்லி ஹாட்பாக்ஸில். ஜெயபாரதி அனுப்பர்பாளையத்தில் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள்.

ஏனுங்க, மொளகாச் சட்னிய மட்டும் பாத்துத் தொட்டுக்குங்க. அரைக்கறப்ப இருந்த கோவத்துல நாலு மொளகா சேத்தி உழுந்துருச்சுங்க. இதப் பேச்சுல சேத்தாதீங்க.