வெட்டிய வரிகளின் பதிவேடு

மார்ச் 4
இன்று என் மேஜைக்கு ஒரு நாவல் வந்தது. கையெழுத்துப் பிரதி, வேறு நகல் கிடையாது. எழுதியவள் மருத்துவமனையில் துணி வெளுப்பவள், இப்போது சிறையில். தணிக்கை வேலைக்கு வந்து பதினோரு வருஷம், எத்தனையோ குப்பையைப் பார்த்தாயிற்று. நாளைக்குள் இதையும் முடித்துவிடலாம்.

மார்ச் 5
முடிக்கவில்லை. கதை சொல்வதே குற்றமான ஓர் ஊர். அங்கே ஒரு தாய், காவலர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சமையல் குறிப்பு சொல்வதுபோல மகளுக்குக் கதை சொல்கிறாள். உப்பு போடும் இடத்தில் அரசன் சாகிறான்! அடேயப்பா, எங்கிருந்து வந்தது இவளுக்கு இது? உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 6
கோபம் கோபமாக வருகிறது. 'முழுத் தடை' என்று நான் எழுதினால் பதிவேட்டில் தலைப்பு மட்டும் ஏறும், பிரதியை எரித்துவிடுவார்கள். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "உனக்கெதுக்கு வம்பு? தடைன்னு எழுதிட்டு வந்து சேரு," என்றார். அவருக்கென்ன, அவர் படிக்கவில்லையே.

மார்ச் 7
வரி வரியாக வெட்டினால்? வெட்டிய ஒவ்வொரு வரியையும் பக்க எண்ணோடு பதிவேட்டில் அப்படியே எழுதவேண்டும் — விதி. பதிவேட்டை எந்தக் காலத்திலும் அழிக்கக் கூடாது — அதுவும் விதி. அப்படியானால் மொத்தத்தையும் வெட்டிவிட்டால்? ஐயோ, நாவல் முழுக்கப் பதிவேட்டில் ஏறிவிடுமே!

மார்ச் 8
முதல் வரியை வெட்டினேன்.

மார்ச் 27
இருநூற்றுப் பத்துப் பக்கம் ஆயிற்று. விரல் வீங்கிவிட்டது. கையால் எழுத எழுதத்தான் தெரிகிறது, அவள் எத்தனை பெரியவள்! நானெல்லாம் அவள் கால் தூசுக்கு வருவேனா? அகப்பட்டால் அவளுக்குப் பக்கத்து அறைதான் எனக்கும். போகட்டும்.

ஏப்ரல் 9
நேற்று முடித்தேன். பிரதியை எரிக்குமுன் மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திடவேண்டும். சிரித்தே பார்த்திராத மனிதர். பிரதியையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துக் காலையில் ஆரம்பித்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குக் கூப்பிட்டார். தொலைந்தேன் என்று போய் நின்றேன்.

"என்னம்மா வேலை பாத்திருக்கீங்க?" என்றார். கண் சிவந்திருந்தது. "நூத்தி எம்பதாம் பக்கத்துல ரெண்டு வரிய விட்டுட்டீங்க. அதையும் வெட்டுங்க."

அங்கேயே நின்றபடி எழுதினேன். மை காயும்வரை பொறுத்திருந்து கையெழுத்துப் போட்டார்.