வெட்டு நாள் சொல்பவள்

அலுவலக அறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில், உன் முழுக்கைச் சட்டை இன்னும் தொங்குகிறது. தோட்டத்துக்குக் கிளம்பும்போது சுடிதாருக்கு மேல் நீ மாட்டிக்கொள்வாயே, உன் அண்ணனின் பழைய சட்டை. இன்று காலை கதவைச் சாத்தியபோது அதிலிருந்து திராட்சைக்கு அடிக்கும் மருந்தின் வாடையும் தேங்காய் எண்ணெய் வாசமும் கலந்து வந்தன. எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான்.

காய்ச்சல் என்று உன்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. அடுத்த மாதமே நம் திராட்சை மண்டி முதலாளி உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். வீட்டில் கேசரி கிண்டினார்கள். "எங்க வம்சத்துலயே மொத மேனேஜரு" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் பழம் வெட்டியவர்கள். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் கேசரி எனக்கு இறங்கவில்லை. நீ செத்ததால் வந்த இனிப்பு அது.

அந்த நாற்காலிக்கு உள்ள பெரிய வேலை வெட்டு நாள் சொல்வது, எந்தத் தோட்டத்துத் திராட்சையை என்றைக்கு வெட்டலாம் என்று. நாம் நாள் சொன்னால்தான் தோட்டக்காரர் தண்ணீரை நிறுத்துவார், வெட்டாட்கள் வண்டி ஏறுவார்கள். முந்திச் சொன்னால் பழம் புளிக்கும். பிந்திச் சொல்லி மழை பிடித்தால் கொத்துக் கொத்தாய் வெடிக்கும். முடிவெடுப்பது எப்படி என்று கல்லூரிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதியவள் நீ. வேலைக்கு வந்தபின் நான் உன் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் சொன்னேன்.

உத்தமபாளையம் டீக்கடையில் ஒருநாள், "என்னடி வேணும்?" என்றாய். "உனக்கு எதுவோ அதுவே" என்றேன். "அண்ணே, இவளுக்குச் சுக்குக் கசாயம் ஒண்ணு, நல்லா காரமா" என்று சொல்லிவிட்டு, நீ மட்டும் காபி குடித்தாய். கண்ணில் தண்ணீர் வர நான் அதைக் குடித்து முடித்தேன்.

அனுமந்தன்பட்டிப் பெரியவருக்கு நீ நாள் தள்ளிச் சொல்லி, அதற்குள் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? நீ நேரே அவர் திராட்சைப் பந்தலுக்கடியில் போய் நின்றாய். "தப்பாச் சொல்லிட்டேன் பெரியப்பா. வையுங்க" என்றாய். அவரும் குறை வைக்கவில்லை. நான் வரப்பிலேயே, வண்டியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "வசவு வாங்குனது நானு, வேர்த்தது உனக்கா?" கொஞ்ச தூரம் போனபின், "வையத்தானடி செய்வாக. வெடிச்சது அவுக பழம்ல" என்றாய்.

உன் நாற்காலியில் உட்கார்ந்தபின் யார் நாள் கேட்டாலும் "முதலாளியக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். முதலாளிக்கே சலித்துவிட்டது. "பிறகு நீ எதுக்கும்மா அங்கன இருக்க?" என்று போனை வைத்துவிட்டார். அந்த ரோஷத்தில், போன வாரம் குமுளி மலைப் பக்கம் மேகம் கறுத்ததும், அதே பெரியவரின் மேற்குப் பந்தலை உடனே வெட்டச் சொன்னேன். மழை வரவில்லை. நேற்று கேரள வியாபாரி பழம் புளிப்பு என்று விலையைக் குறைத்துவிட்டார். நஷ்டம் பெரியவருக்கு.

தப்பு என்னுடையது என்று பெரியவருக்குச் செய்தியாக அனுப்பிவிடலாம் என்று போனில் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். இன்று காலைதான் உன் சட்டை கையில் வந்தது.

அதோடு நேரே போய் நின்றபோது, பந்தலுக்கடியில் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் புள்ள சட்டைதான இது?"

"ஆமா பெரியப்பா. நான் பயந்து அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான்."

"சட்டையப் போட்டுக்கிட்டா ஆச்சா? ரெண்டு நாள் பொறுத்திருந்தா அம்புட்டும் சீனியால்ல இருந்திருக்கும்! படிச்ச புள்ளதான நீயி?"

வெட்டாட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காது மடல் வரை எரிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆனாலும் நின்றேன். அவர் வைது ஓய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. கிழக்குப் பந்தலுக்கு நாளச் சொல்லிட்டுப் போ" என்றார்.

ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். வானத்தைப் பார்த்தேன். பிறகு பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பி உன் முகத்தைத் தேடினேன். வெறும் கொடிதான் இருந்தது.

"வெள்ளிக்கெழம" என்றேன்.

சட்டையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். அது உன்னுடையதாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் மழை வரலாம், வராமலும் போகலாம். எது நடந்தாலும் சனிக்கிழமை காலை அவர் முன்னால் போய் நிற்பேன், என் சொந்த உடுப்பில். கூச்சம் போய்விட்டது என்று நினைக்காதே. அதையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.